மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்
(நம் குடியிருப்பில் நடந்த குடியரசு தின விழாவில் ஆற்றிய உரை)



பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் இதுவரை 21 பேர்தான். அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946-இல் பம்பாயில் பிறந்த தமிழர். பட்டம் பெற்றபின் சென்னையில் அதிகாரிகள் பயிற்சி முடித்து, 1972-இல் மஹார் ரெஜிமெண்டில் சேர்ந்தார்.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிட வேண்டியதாயிற்று. இலங்கையின் உள்நாட்டுப் போருக்குள் நாமும் இழுக்கப்பட்டோம்.

அந்த ஆண்டு நவம்பர் 25, நள்ளிரவு நேரம். தேடுதல் வேலை முடித்துத் திரும்பிய பரமேஸ்வரனின் அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அவர் பதறவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வளைத்துப் பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவனிடமிருந்தே துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை தன் வீரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தார். அப்போது வயது 41. இலங்கை சென்ற படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

இதைப் பேசும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். எதிரில் இருந்தவர்களும் தமிழர்கள். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படை புகுந்தபோது நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் மாண்டார்கள். அதை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் பேசுவது நியாயமல்ல. 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது, வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் அங்கே உயிரிழந்திருந்தார்கள். போரை முடிவு செய்தவர்கள் வேறு. உத்தரவுக்குப் போய் உயிர் கொடுத்தவர்கள் வேறு. வரவும் செலவும் தனித்தனிப் பத்தியில் எழுதுவதுபோல, இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சென்னை சாலிகிராமத்தில் ராணுவத்தினருக்கான அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 'பரமேஸ்வரன் விஹார்' என்றே பெயர். 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

நாம் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். நான் பென்ஷன் கவுண்ட்டரில் இருந்தபோது, ஆயுள் சான்று கொடுக்க நவம்பர் மாதம் வரும் ராணுவ வீரர்களின் மனைவிமார் வரிசையில் பேசாமல் நிற்பார்கள். நம் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. படிவம் நிரப்ப, செல்போனில் பதிவு செய்ய, நம்மில் ஓய்வு பெற்றவர்கள் உதவலாம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு வீட்டுக்கு வீடு நிதி திரட்டித் தரலாம். செயற்குழு இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜெய்ஹிந்த்.