மாறாத கிறிஸ்து: வாழவந்திக் கருத்தரங்கின் தலைமை உரை



இயேசு நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர் என்ற வாக்கு நம் வீட்டு நாள்காட்டியிலும் உண்டு, ஷேர் ஆட்டோவின் கண்ணாடியிலும் உண்டு. எபிரேயர் நிருபம் 13ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்திலிருந்து வருவது. அடிக்கடி சொல்லிச் சொல்லி, அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறந்துவிட்டோம். அதற்கு முந்தின வசனம், தேவவசனத்தைப் போதித்த தலைவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. அவர்களுடைய வாழ்வின் முடிவைக் கவனிக்கச் சொல்கிறது. பிந்தின வசனம், புதுப்புதுப் போதனைகளால் அலைக்கழிக்கப்படாதிருக்க எச்சரிக்கிறது. கற்றுக்கொடுத்தவர்கள் கண்மூடிவிட்டார்கள், யார் யாரோ வந்து குழப்புகிறார்கள். இந்தத் தவிப்பின் நடுவில் இருந்த சபைக்குக் கிடைத்த பற்றுக்கோடு அந்த வசனம்.

நாம் கூடியிருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்கும் அப்படி ஒரு தலைவரின் நினைவு உண்டு. 1882இல் ஏற்காட்டில் காலமானார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரியாக இருந்தவர். ஆறுமுக நாவலரை உடன்வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அது 1850இல் அச்சேறியது. ஆனாலும் சபைகளில் நிலைபெறவில்லை. பிறகு அவர் ஆங்கிலிக்கன் சபைக்கு வந்தார், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார், ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். சபை மாறியது, ஊர் மாறியது, தொழில் மாறியது. உழைத்து உருவாக்கிய மொழிபெயர்ப்பும் ஒதுங்கிப்போயிற்று. அவருக்கு உதவி செய்த நாவலரோ பின்னாளில் சைவத்தின் பெரும் குரலாக எழுந்து மிஷனரிகளை எதிர்த்து நின்றார். ஒரு மனிதரின் ஊழியம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. எபிரேயர் நிருபம் பேசுவது இப்படிப்பட்ட தலைவர்களைப் பற்றித்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெர்சிவலின் மருமகன் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர். அவருடைய அஸ்தி ஏற்காடு பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கைக்கோடரி கிடைத்த பிறகு இந்த மண்ணில் மனிதருக்கு இருக்கும் ‘நேற்று’ எத்தனையோ மடங்கு நீண்டுவிட்டது. அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கிறிஸ்து நேற்றும் இருந்தவர் என்று அறிக்கையிடும் இறையியலர் அந்த நீண்ட நேற்றையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். நம் கல்லூரிகளில் அந்த வேலை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

மலையே மாறுகிறது, நண்பர்களே. சேர்வராயனின் கரும்பாறை, மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் சிதைந்து சிவந்துதான் உச்சிகளில் பாக்சைட்டாகப் படிந்தது. அதையும் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கினோம். எபிரேயர் நிருபத்தின் முதல் அதிகாரம், பூமியும் வானமும் துணிபோல் பழசாகும், அவரோ நிலைத்திருப்பார் என்ற பொருளில் 102ஆம் சங்கீதத்தை எடுத்தாண்டு, அதைக் குமாரனுக்கே பொருத்துகிறது. படைத்தவருக்குப் பாடிய பாட்டு நாசரேத்தூர் மனிதருக்குச் சொந்தமாகிறது. எவ்வளவு துணிச்சலான வாசிப்பு!

இங்கேதான் நம் கருத்தரங்கின் கடினமான கேள்வி பிறக்கிறது. அதே நிருபத்தின் 5ஆம் அதிகாரம், குமாரன் பாடுகளினால் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது. லூக்கா, சிறுவன் இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகியதை எழுதுகிறார். கற்றவர், வளர்ந்தவர், அழுதவர், செத்தவர். அவர் எப்படி மாறாதவர்? அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் இதைக் கேட்டு, குமாரன் இயல்பிலேயே மாறக்கூடியவர் என்று முடிவுகட்டினார். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் அதை வெளிப்படையாகக் கண்டித்தது. 451இல் கல்கெதோன் சங்கம், தெய்வமும் மனிதமும் அவரில் கலவாமலும் மாறாமலும் பிரியாமலும் ஒன்றாயிருப்பதாக வரையறுத்தது. இவையெல்லாம் கிரேக்கச் சண்டைகள் என்று ஒதுக்குவோர் நம்மில் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. குமாரன் நாளை வேறொருவராக மாறலாம் என்றால், சிலுவையில் காட்டிய அன்பை நாளைக்கு யார் நம்புவது?

நம் சென்னையின் இறையியலர் வெங்கல் சக்கரை இதைத் தமிழ் மண்ணின் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அவதாரங்கள் காரியம் முடிந்ததும் உருவைக் களைந்துவிடும். இயேசுவோ எடுத்த மனிதத்தைக் களையவில்லை, அந்த அவதாரம் நிரந்தரம் என்றார். அதோடு அது உறைந்துபோனதும் அல்ல, ஆவியானவரால் இன்றும் மனிதருக்குள் செயல்படுவது என்றார். மாறாமை என்றால் அசைவின்மை என்று எண்ணும் எவரும் சக்கரையைப் படிக்கவேண்டும். ஆணித்தழும்புள்ள கைகளோடு அவர் இன்னும் மனிதராக இருக்கிறார் என்பதுதான் மாறாமை.

ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிடும்படி உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்தார்கள். முந்தைய மிஷனரிகள் காலத்து வழக்கத்தை மாற்றலாகாது என்பதும் அவர்கள் வாதங்களில் ஒன்று. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவரை நாம் அறிவோம். மாறாத கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் பெருமையை மாற்றாமல் காத்துவந்திருக்கிறோம். இது பாவம். மாறாதவர் என்ற அந்த வசனத்துக்கு முன்னே எபிரேயர் 13ஆம் அதிகாரம் தொடங்குவதே சகோதர அன்பிலும் அந்நியரை உபசரிப்பதிலும்தான்.

கட்டுரை வாசிக்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்துப் பேசாதீர்கள். அதிகாரம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் ஊர்ச் சபையின் கல்லறைத் தோட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாணவர்கள் தயங்காமல் குறுக்குக் கேள்வி கேட்கவேண்டும். பெரியவர்கள் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். இத்துடன் கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.