பயிற்சிப் பணிக்குப் பணம் கட்டலாமா?

 

சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிபு தொழுகைக்குப் பின் மஹல்லாவாசி ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறார். ஒரு நிறுவனத்தில் சில மாதம் தங்கித் தொழில் பழகும் 'இன்டர்ன்ஷிப்' என்னும் பயிற்சிப் பணி அவருக்குக் கிடைத்தபாடில்லை. வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் இரண்டு இலட்சம் ரூபாய் கேட்டாராம். வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்பதே அந்தத் தந்தையின் கேள்வி. வேண்டாம் என்றோம். ஆயினும் வேறு வழி என்ன என்று சொல்ல அன்று நமக்குத் தெரியவில்லை. பிறகு அறிந்தோரிடம் கேட்டறிந்ததை இன்று முன்வைக்கிறோம்.

முதலில் அந்தந்த நாட்டுச் சட்டத்தை அறிய வேண்டும். ஜெர்மனியில் நம் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச் முதல் உள்ள விதி. பாடத்திட்டமே கட்டாயமாக்கிய பயிற்சி இக்கணக்கில் சேராது. தாமாக விரும்பிச் செய்யும் பயிற்சி சேரும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. அமெரிக்காவில் படிப்பினூடே பயிற்சிக்குச் செல்வோர், பொதுவாக ஓராண்டு படித்தபின், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன் அனுமதி பெற வேண்டும். இவற்றை மீறினால் விசாவே பறிபோகலாம். அப்போது தரகர் துணைக்கு வரமாட்டார்.

அடுத்து, தேடும் முறை. நாம் ஹிஃப்ளு முடித்த ஆண்டு, ரமளானில் தராவீஹ் தொழவைக்க ஊர் தேடி அலைந்தோம். உஸ்தாத் எழுதிய கடிதம் ஒன்றே கையில் இருந்தது. மூன்று ஊர்களில் இடமில்லை என்றனர். நான்காம் ஊரார் இரண்டு பக்கம் ஓதச்சொல்லிக் கேட்டபின் சேர்த்துக்கொண்டனர். வெளிநாட்டு மாணவரின் வழியும் இதுவே. பேராசிரியரின் பரிந்துரையைப் பெறுங்கள். பல்கலைக்கழகத்தின் பணி வழிகாட்டு அலுவலகத்துக்கு முதல் பருவத்திலேயே செல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் பொதுவாக இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் தொழிலைப் படித்தறிந்து தனித்தனியே விண்ணப்பம் எழுதுங்கள். அந்நாட்டு மொழியைப் பயிலுங்கள். மறுப்புக் கடிதங்கள் வரும், அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள்.

தரகரை நம்பியதன் விலையை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மேற்கே தெரியும் கல்வராயன் மலையைப் பாருங்கள். செம்மரம் வெட்டினால் கைநிறையக் கூலி என்று இடைத்தரகர் ஆசைகாட்ட, அம்மலைவாசிகளிலும் பலர் ஆந்திரக் காடுகளுக்குப் போய்ச் சிறைப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எழுதப் படிக்கத் தெரியாததால் ஏமாந்தனர் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் 2022இல் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியே மியான்மருக்குக் கடத்தப்பட்ட தமிழக இளைஞர்களில் படித்தவர்களும் இருந்தார்களே! ஏமாற்றுபவன் பார்ப்பது நம் கல்வியை அன்று, நம் அவசரத்தை.

ஆகவே பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். பயிற்சி தரும் நிறுவனம் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள். வேலை, காலம், ஊதியம் மூன்றையும் எழுத்தில் பெறாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. ஐயம் எழுந்தால் சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்திலோ, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

அந்த மாணவருக்குத் தம் பேராசிரியர் வழியாகவே ஐந்தாம் மாதம் பயிற்சி கிடைத்தது. நகை வீட்டில் இருக்கிறது. இவ்வாண்டு வெளிநாடு செல்லவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அவரே தொலைபேசியில் வழிசொல்ல இசைந்துள்ளார். பயணச்சீட்டு எடுக்குமுன் அவரிடம் பேசிவிடுங்கள்.