முதியவருக்கு யார் துணை?



வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்பவர் மூத்தோரைத் துணையாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். ஆள வருபவரே மிக மூத்தவராயின் அவருக்கு யார் துணை? இவ்வினாவைத் ‘துணை’ என்னும் சொல்லின் வழியே ஆராய விழைகிறோம்.

2018 சனவரி 7ஆம் நாள் ஷா ஆலாமில் கூடிய பக்காத்தான் ஹராப்பான் மாநாடு, 92 அகவை நிறைந்த துன் மகாதீரைப் பிரதமர் வேட்பாளராகவும், 65 அகவையினரான டாக்டர் வான் அசிசாவைத் துணைப் பிரதமர் வேட்பாளராகவும் அறிவித்தது. நெடுங்காலம் எதிரெதிர் நின்ற இரு தரப்பினர் ஒன்றுபட்டனர் என்பதற்கு அத்தேர்வு சான்றாயிற்று. சிறையிலிருந்த அன்வார் இப்ராகிமுக்கு உரிய இடம் காக்கப்படும் என்னும் உறுதியையும் அது தந்தது. மே 9இல் அக்கூட்டணி வென்றது; வான் அசிசா நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமரானார்.

2020 பிப்ரவரி 24ஆம் நாள் மகாதீர் பதவி விலகினார். அமைச்சரவை கலைந்தது, துணைப் பிரதமர் பதவியும் உடன் மறைந்தது. மார்ச் 1இல் முகிதீன் யாசின் பிரதமரானார். நம் கூட்டரசு அரசமைப்பில் துணைப் பிரதமர் என்னும் பதவியே குறிக்கப்படவில்லை. மக்களவைப் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என மாமன்னர் கருதும் உறுப்பினரே பிரதமராவார். மாநாடு தந்த உறுதிக்குச் சட்டத்தில் வேர் இல்லை.

அமெரிக்க நிலை வேறு. 2020 ஆகஸ்டில் 77 அகவையினரான ஜோ பைடன், சென்னையைச் சேர்ந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிசைத் தம் துணை வேட்பாளராகத் தேர்ந்தார். அங்கே அதிபர் இறப்பினும் விலகினும் துணை அதிபரே அதிபர். 2021 நவம்பர் 19இல் மருத்துவப் பரிசோதனைக்காகப் பைடன் மயக்க மருந்து ஏற்றபோது, 85 நிமிடங்கள் அதிபரின் அதிகாரம் கமலாவிடம் இருந்தது.

இவ்விரு பதவிகளையும் மலாய்மொழி ‘திம்பாலான்’, ‘நாயிப்’ என வேறுபடுத்துகிறது. நாமோ இரண்டையும் ‘துணை’ என்றே வழங்குகிறோம். ஒருவர் உடனிருந்து பணி பகிர்பவர். மற்றவர் அடுத்து அமரும் உரிமை பெற்றவர். பினாங்கில் 2008 முதல் துணை முதலமைச்சர் இருவர் உளர். இப்பிறைத் தொகுதியின் உறுப்பினராயிருந்த பேராசிரியர் இராமசாமி 2023 வரை அவருள் ஒருவர். இருவருமே அடுத்தவராதல் இயலாது. ஆகவே இங்கும் துணை என்பது பணிப்பகிர்வே.

இதற்கெனப் புதுச்சொல் ஆக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. சொல் நல்ல சொல்தான். ஆயின் வகுப்பறையில் அதனை வாசிக்கும்போது இரண்டு வினாக்களைச் சேர்த்துக் கேட்கப் பழகுவோம்: இத்துணையைத் தேர்ந்தவர் யார்? தலைமை இருக்கை வெறுமையானால் இவருக்கு அங்கே அமரும் உரிமை உண்டா? தலைவர் முதியவராயின் இரண்டாம் வினாவே முதன்மையானது. வலியறிதலில் துணைவலியையும் தூக்கிப் பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். வாக்களிக்கப்போகும் மாணவர்களுக்கும் அது பொருந்தும்.