முன்னைத் தொழிலும் மனைத் தரகும்



மருத்துவராக விரும்புகின்றவனுக்குக் கல்லூரி இருக்கின்றது. ஆசிரியராக விரும்புகின்றவனுக்குப் பயிற்சிப் பள்ளி இருக்கின்றது. எங்கள் வில்லியனூர்ப் புறத்தில் மனைத் தரகராக விரும்புகின்றவனுக்கு அத்தகைய வாயில் ஒன்றும் இல்லை. 'பெரியவனானதும் நான் மனைத் தரகன் ஆவேன்' என்று சொன்ன மாணவன் ஒருவனையும் என் நெடுநாள் ஆசிரியப் பணியில் நான் கண்டதில்லை. ஆயினும் என்னிடம் படித்தவர்களுள் இன்று அத்தொழிலில் இருப்போர் பலர். அவர்கள் அனைவரும் வேறொரு தொழிலில் பாதி வாழ்வைக் கழித்துவிட்டு இதற்கு வந்தவர்கள். ஆதலின், வரும்போது அவர்கள் எதைக் கொண்டு வருகின்றார்கள் என்று ஆராய்வது பயனுள்ளது என எண்ணுகின்றேன்.

இஃது உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கின்றேன். உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நாளை உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு தரகர் வந்து அமர்ந்து, தாத்தா உழுத அரைக் காணியை விற்பது பற்றிப் பேசும்பொழுது, தாளைப் படிக்கத் தெரிந்தவன் என்று உங்களைத்தான் உள்ளிருந்து அழைப்பார்கள். அன்று நீங்கள் தாளை மட்டும் படித்தால் போதாது; எதிரில் இருக்கின்ற மனிதரையும் படிக்க வேண்டும்.

சேதராப்பட்டு வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஊர். ஊர் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் வானூர் வட்டம் வந்துவிடும். பிப்டிக் நிறுவனத்தின் தொழிற்பேட்டை இங்கே அமைந்தது. பின்னர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரால் சேதராப்பட்டு, கரசூர்ப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. வேர்க்கடலையும் சவுக்கும் விளைந்த மண்ணுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசும் காலம் வந்தது. விலை வந்தவிடத்தில் தரகும் வந்தது. தேநீர்க் கடை விசுப்பலகையில் காலையில் அமர்ந்திருப்போரைப் பாருங்கள்: ஒருவர் முன்பு மாட்டுத் தரகர், ஒருவர் நெல் வாங்கி விற்றவர், ஒருவர் நில அளவையாளரோடு சங்கிலி பிடித்து நடந்தவர், ஒருவர் பத்திர எழுத்தரிடம் எடுபிடியாக இருந்தவர், மற்றொருவர் புதுச்சேரி ஆலையொன்றில் தறி ஓட்டியவர். ஆங்கிலோ பிரெஞ்சுப் பஞ்சாலை 2020ஆம் ஆண்டில் முற்றாக மூடப்பட்டது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அதன் வேலை தேய்ந்துவிட்டது. ஆலையில் வேலை இழந்தவரின் கையில் இருந்த முதல், உடன் வேலை பார்த்தோரின் அறிமுகம் ஒன்றுதான். அந்த அறிமுகமே அவருக்கு வாடிக்கையாளர் கூட்டமாயிற்று.

இவர்களுள் மாட்டுத் தரகரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் அவருடைய பழைய தொழில் ஓர் அருங்கலை. சந்தையில் வாங்குகின்றவரின் கையைத் தம் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார். விரல்களைத் தொட்டே விலை பேசப்படும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை ஒருவருக்கும் தெரியாது. பின்னர் அதே துண்டுக்குள் விற்கின்றவரின் கை செல்லும். இருபுறமும் தொட்டவை ஒரே எண் என்பதற்குத் தரகரின் நெஞ்சைத் தவிரச் சான்று இல்லை. நேர்மையான தரகர் பலர் இருந்தனர். அதனால்தான் அம்முறை நிலைத்தது. ஆனால் இவர் நிலத் தரகுக்கு வரும்போது துண்டையும் கொண்டு வந்துவிடுகின்றார். வாங்குகின்றவர் என்ன கொடுக்கின்றார் என்பது விற்கின்றவருக்குத் தெரிவதில்லை. இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க அவர் விரும்புவதில்லை. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்று பேசிய தரகுக்கு மேலாக, இரண்டு விலைக்கும் இடையில் உள்ள வேறுபாடும் அவர் மடியில் விழுகின்றது. அவரைக் கேட்டால் இதனைக் களவென்று ஒப்பமாட்டார். 'சந்தை வழக்கம்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பழைய தொழிலில் வழக்கமாக இருந்ததைத்தான் செய்கின்றார்.

இன்னொன்றும் உண்டு. மாட்டின் குற்றம் மாட்டின் உடம்பிலேயே இருக்கும். பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரியும்; சுழி பார்த்து இலக்கணம் சொல்வர்; நாலடி நடக்க விட்டால் நொண்டுவது தெரிந்துவிடும். நிலத்தின் குற்றமோ பெரும்பாலும் நிலத்தில் இராது, தாளில் இருக்கும். மேடான, செம்மண் நிறைந்த, பாதை உள்ள அழகிய மனை ஒன்று, பாகம் பிரியாத சகோதரி ஒருத்தியின் உரிமையைத் தன்னுள் மறைத்துக்கொண்டு கிடக்கலாம். கண்ணால் சரக்கைப் பார்த்து முப்பது ஆண்டு பழகியவர், கண்ணை நம்பி இங்கே தவறிவிடுகின்றார். பத்திர எழுத்தரிடம் இருந்து வந்தவருக்கோ இதற்கு நேர்மாறான குறை: தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வரி தவறாமல் சொல்வார், மழைக்காலத்தில் அம்மனையில் முழங்கால் அளவு நீர் நிற்பதை அறியமாட்டார். அதனை உழுதவரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். ஒரு துறையில் பெற்ற பயிற்சி மற்றொரு துறைக்கு எவ்வளவு உதவும் என்பதைத் தார்ண்டைக், உட்வொர்த் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1901இல் ஆராய்ந்து வெளியிட்டனர். வியப்பு என்னவென்றால், அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று பரப்பளவை மதிப்பிடுதலே. சிறு நாற்கோண வடிவங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பழக்கினர். அதில் தேர்ந்தபின், பெரிய வடிவங்களையும் வேறு உருவங்களையும் மதிப்பிடச் செய்தனர். பழகியதில் பெற்ற திறமை பழகாததற்கு முழுமையாகச் செல்லவில்லை. இரண்டு வேலைகளிலும் பொதுவான கூறுகள் எவ்வளவு உள்ளனவோ அவ்வளவே பயிற்சி மாறிச் செல்லும் என்பது அவர்கள் முடிவு. கணக்குப் படித்தால் அறிவு முழுவதும் கூர்மையாகும் என்று அக்காலத்தில் பள்ளிகள் நம்பி வந்த நம்பிக்கைக்கு அஃது ஓர் அடி. மனைத் தரகருக்கும் அதுவே பொருந்தும் என்பேன்.

பரப்பளவு என்றவுடன் எங்கள் பக்கத்துக் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. புதுச்சேரியில் ஒரு குழி என்பது இருபத்துநான்கு அடிச் சதுரம். அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி; 57,600 சதுர அடி; ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சைப் பகுதியிலோ குழி என்பது பன்னிரண்டு அடிச் சதுரம். 144 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு மா. பெயர் ஒன்று, அளவு நான்கு மடங்கு வேறு. இவற்றோடு பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற ஆர், சென்டியார் என்னும் அளவுகளும், எல்லைக்கு அப்பால் வழங்கும் சென்ட் கணக்கும் சேர்ந்துகொள்கின்றன. சங்கிலி பிடித்து நடந்தவர் இந்த நான்கையும் மனக்கணக்காக மாற்றுவார். அவ்வொன்றில் அவருக்கு நிகர் இல்லை.

அளவையாளர் நிலத்தின்மேல் கண் வைப்பது உலகெங்கும் உள்ள செய்திதான். அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான வாசிங்டன் 1749இல், பதினேழு வயதில், கல்ப்பெப்பர் மாவட்டத்தின் நில அளவையாளராகத் தொழில் தொடங்கியவர். எந்த ஆற்றங்கரை வளமானது என்பது பிறருக்கு முன்னே அவருக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் நிலம் வாங்கினார். இறக்கும்போது ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் பெயரில் இருந்தது. படைவீரர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் நல்ல பகுதியை அவரே எடுத்துக்கொண்டார் என்று அவர்களுள் சிலர் குறைபட்டதும் உண்டு.

நம் புதுச்சேரியின் தரகு வரலாறு அதனினும் பழையது. பிரெஞ்சுக் கும்பினியார் நம் மக்களோடு வாணிகம் செய்ய இடையில் ஒருவரை அமர்த்தினர். இரண்டு மொழி அறிந்தவர் என்னும் பொருளில் அவரைத் துபாஷி என்றனர். அவர் கும்பினியின் தலைமைத் தரகரே. அப்பதவியில் இருந்த நைனியப்பப் பிள்ளை 1716இல் சிறைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்சுக்கே கடல் கடந்து சென்று முறையிட்டுத் தந்தையின் மேல் விழுந்த பழியைத் துடைத்தார். இடையில் நிற்பவன் இருபுறத்தாரின் ஐயத்துக்கும் ஆளாவான் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டா.

அக்குடும்பத்தோடு உறவு பூண்டவரே ஆனந்தரங்கப் பிள்ளை. 1746இல் கனகராய முதலியார் மறைந்த பின்னர்த் தலைமைத் துபாஷிப் பதவி அவருக்கு வாய்த்தது. அதற்கு முன் அவர் வணிகர். இளமையிலேயே பரங்கிப்பேட்டையில் கும்பினியின் அலுவல்களைப் பார்த்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், அந்த வணிகர் எங்கும் மறையவில்லை என்பது விளங்கும். போர் நடக்கும் நாளிலும் எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று குறித்துக்கொண்டே போகின்றார். யார் என்ன சொன்னார், எந்த நாழிகையில் சொன்னார் என்பதும் அதில் உண்டு. பேரேடு எழுதிய கை, அரசியலையும் பேரேடாகவே எழுதிற்று. தரகருக்கு வேண்டிய பழக்கங்களுள் இதனையே நான் முதலாவதாக வைப்பேன். நெல் வாணிகத்திலிருந்து வந்த எங்கள் ஊர்க்காரரிடம் அது சிறிது இருக்கின்றது: முன்பணம் வாங்கிய அன்றே, இருவர் எதிரிலும், நாளிட்டு எழுதிவிடுவார். அவர்மீது வழக்கு என்று நான் கேட்டதில்லை.

என் சொந்த வகுப்பாரைப் பற்றிப் பேசாமல் விட்டால் நடுநிலை தவறியவன் ஆவேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் தரகராவது இப்பொழுது எங்கும் காண்பது. அவர் எதைக் கொண்டு வருகின்றார்? நில அறிவையன்று, அளவறிவையும் அன்று. 'ஐயா சொன்னால் சரியாக இருக்கும்' என்னும் மக்கள் எண்ணத்தைக் கொண்டு வருகின்றார். அவ்வெண்ணம் முப்பது ஆண்டு வகுப்பறையில் ஈட்டியது. அங்கே அதற்குத் தகுதி இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர், நல்லவர், சூதறியாதவர், மனைப்பிரிவு ஒன்றுக்குத் தரகராக இருந்து தம் பழைய மாணாக்கர் சிலருக்கு மனை வாங்கிக் கொடுத்தார். ஒருவரும் வரைபடத்தைக் கேட்கவில்லை. ஆசிரியரிடம் தாள் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்று கருதினர். ஆசிரியரும் மனைப்பிரிவுக்காரர் சொல்லை அப்படியே நம்பினார். பின்னர்தான் மனைகளில் இரண்டு, வாய்க்கால் புறம்போக்கில் விழுந்திருப்பது தெரிந்தது. அவற்றுள் ஒன்றை வாங்கியவர் கூலி வேலை செய்து பன்னிரண்டு ஆண்டு சேர்த்த பணத்தைப் போட்டவர். ஆசிரியர் வீட்டுக்கு முன் வந்து நின்றார். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. 'ஐயா, நீங்களே சொன்னீர்களே' என்று மட்டும் சொன்னார். ஏய்ப்பவனிடம் நம் மக்கள் விழிப்பாக இருக்கின்றார்கள். மதிப்புக்குரியவரிடம் கேள்வி கேட்கக் கூசுகின்றார்கள். இரண்டாவதனால் விளையும் கேடே மிகுதி என்பது என் எண்ணம்.

சட்டம் என்ன செய்கின்றது என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யவேண்டிய மனைத் திட்டங்களை விற்கும் முகவர் தம்மையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றது. தவறினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று தண்டம் ஏறிக்கொண்டே போகும். மகாராட்டிரத்தில் 2023 முதல் பயிற்சியும் தேர்வும்கூட வந்துவிட்டன. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு திட்டங்கள் பதிவுக்கு உட்படா. உழவர் ஒருவர் தம் அரைக் காணியை அடுத்த ஊர்க்காரருக்கு விற்பதும் அச்சட்டத்தின் கண்ணில் படாது. திண்ணைத் தரகர் அங்கேதான் இருக்கின்றார்.

அவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேறொன்று, பலரும் மறந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 215ஆம் பிரிவு. அதில் ஓர் எடுத்துக்காட்டுக் கதை உள்ளது. ஒருவர் தம் நிலத்தை விற்றுத் தருமாறு முகவரிடம் சொல்கின்றார். முகவர் நிலத்தைப் பார்வையிடும்போது அதில் சுரங்கம் ஒன்று இருப்பதைக் காண்கின்றார்; அதை மறைத்து, நிலத்தைத் தாமே வாங்கிக்கொள்கின்றார். உண்மை தெரிந்தபின், நிலத்துக்கு உரியவர் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம். விரும்பினால் ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். தேர்வு அவருடையது.

சேதராப்பட்டில் சுரங்கம் இல்லை. இங்கே மறைந்து கிடப்பது, வரப்போகும் சாலை. விரிவாகப் போகும் தொழிற்பேட்டை. அதை முதலில் அறிகின்றவர், முன்பு ஏதேனும் ஓர் அலுவலகத்தில் கோப்புத் தூக்கியவராகவோ, அங்கே இன்னும் நண்பர் உள்ளவராகவோ இருப்பார். ஆகவே தரகர் உங்கள் திண்ணையில் வந்து அமரும்போது, குடிக்க நீர் கொடுத்துவிட்டு, 'ஐயா, இதற்கு முன்பு தாங்கள் என்ன தொழிலில் இருந்தீர்கள்?' என்று பணிவாகக் கேளுங்கள். அதன்பின், 'வாங்குகின்றவர் யார்? அவரையும் அழைத்து வர இயலுமா?' என்று கேளுங்கள்.