காணி விற்போரின் கடப்பாடு

காணி விற்க விரும்புபவர் தரகரை அழைத்து, பரப்புக்கு இன்ன விலை, தரகு நூற்றுக்கு இத்தனை என்று பேசி அனுப்பிவிடுகிறார். யாழ்ப்பாணத்திலே இவ்வுடன்பாடு பெரும்பாலும் திண்ணையில், வாய்ச்சொல்லாகவே முடிந்துவிடுவதுண்டு. இனி அலைய வேண்டியவர் தரகரே, தமக்கு வேலையில்லை என்பது விற்போரின் எண்ணம். அது தவறு.

பத்துப் பரப்புக் காணி என்று சொல்லித் தரகரை அனுப்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். விலை பொருந்தி, முற்பணம் கொடுக்கும் தறுவாயில் நொத்தாரிசு பழைய உறுதிகளைப் புரட்டுகிறார். விற்பவருக்கு உள்ளது பிரிக்கப்படாத அரைப்பங்கு, மறுபாதி தமையனுடையது. தேசவழமையின்படி, அத்தகைய பங்கை விற்குமுன் கூட்டுரித்தாளருக்கு அறிவித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் முதலில் வாங்கும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. வாங்க வந்தவர் திரும்பிப் போகிறார். மூன்று மாதம் சைக்கிள் மிதித்த தரகரின் உழைப்பு எவர் கணக்கில் எழுதப்படுவது? தமையனின் பங்கை முதல்நாளே சொல்லியிருந்தால், தரகர் முதலில் தமையன் வீட்டுக்கன்றோ போயிருப்பார்!

ஈடு இருந்தால் அதையும் மறைக்கலாகாது. காணிப் பதிவுக் கந்தோரில் அது எப்படியும் வெளிப்படும். காணி மனைவியின் சீதனமாயின், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை விற்றல் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி இயலாது. கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை ஆகியவற்றையும் உள்ளபடி உரைத்தல் வேண்டும். விலையைவிட இவற்றாற் குலைந்த பேச்சுக்கள் பல.

இன்னொரு வழக்கம் வெட்கத்துக்குரியது. தரகர் கூட்டிவந்தவரை விற்பவர் இரவிலே தனியே சந்தித்து, தரகைக் கழித்து விலைபேசி, சில மாதம் பொறுத்து உறுதி முடிக்கிறார். விற்பனைக்கு மெய்யான காரணர் தரகரேயாயின், அவரை ஒதுக்கி முடித்தாலும் தரகு கொடுபடவேண்டியதே. ஆயினும் விற்பவர் மனம்மாறி விற்காமலே விடலாமா? 1941இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, விற்பனை முடிந்தாலன்றித் தரகில்லை என்ற உடன்பாட்டில், விலகிய உரிமையாளர் பக்கமே தீர்த்தது. அமெரிக்காவிலோ, தனியுரிமை ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவர் தாமே ஆள் பிடித்து விற்றாலும் தரகு கொடுக்கிறார்.

காணி விற்பனைக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு உறுதி வேண்டும். தரகுப் பேச்சோ காணியைக் கைமாற்றுவதன்று. வழக்கென்று வந்தால், சொன்னேன், சொல்லவில்லை என்ற சத்தியங்களே எஞ்சும். எத்தனை வீதம், எத்தனை மாதம், எந்நாளிற் கொடுப்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட அரைமணி நேரம் போதும்.