விண்மீன்கள் பிறக்குமிடத்தில் ஒரு வெடிப்பு

திருவாதிரை விண்மீனை அறிந்தவர்கள் அது இடம்பெறும் ஓரியன் கூட்டத்தையும் எளிதில் அடையாளங் காண்பர். அக்கூட்டத்தின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அண்மையில், பனிப்புகைபோல மங்கித் தோன்றுவது ஓரியன் நெபுலா. ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது, விண்மீன்கள் பிறக்குமிடமாகும்.

வாயுவும் தூசும் கலந்த முகில் தன் ஈர்ப்பினாலேயே ஒடுங்கும்போது, அதன் நடுவில் விண்மீன் உருவாகின்றது. எஞ்சிய வாயு குயவனின் சக்கரம்போல் அதனைச் சுற்றுகின்றது. அச்சுழற்சி குறையாதிருப்பின் வாயு விண்மீனிற் சென்று சேராது. வழக்கமாக, எதிரெதிர்த் திசைகளிற் பாயும் இரண்டு தாரைகள் சுழற்சியின் ஒரு பகுதியைக் கவர்ந்து செல்கின்றன. ஆகவே, வாயுவின் ஒரு பகுதியை வெளியே வீசுவதனாலேயே விண்மீன் வளர்கின்றது எனலாம்.

ஆனால் ஓரியன் நெபுலாவின் பின்னாலுள்ள இருண்ட முகிலில் நிகழ்ந்தது வேறு. செந்நிறக்கீழ்க் கதிர்களைக் கொண்டு அங்கே மறைந்திருந்த ஓர் இளம்பொருளைக் கண்ட பெக்லின், நொய்கெபவர் என்னும் அறிஞர் இருவரும் 1967ஆம் ஆண்டில் அதனை அறிவித்தனர். அதனருகிலிருந்து வாயு இரு திசைகளில் மட்டும் பாயவில்லை. விரித்த விரல்கள்போல் எத்திசையிலும் சிதறுகின்றது. சில தாரைகளின் வேகம் செக்கனுக்கு 100 கிலோமீற்றரையும் விஞ்சுகின்றது.

சிலி நாட்டின் அற்றகாமாப் பாலைவனத்திலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி, காபனோரொட்சைட்டு வாயுவின் பாதைகளை அளந்தது. 2017இல் வெளியான அம்முடிவுகளின்படி, பாதைகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அவை ஓரிடத்திற் கூடுகின்றன. காணப்படும் நிலைக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்னர் அவை அங்கிருந்து புறப்பட்டிருக்கின்றன. அருகிலுள்ள இளம் விண்மீன்கள் சிலவும் அவ்விடத்திலிருந்தே விலகி ஓடுகின்றன.

பருத்த இளம் விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கியபோது, அவற்றுள் இரண்டு மிக நெருங்கிப் பிணைந்தோ ஒன்றாய்க் கலந்தோ இருக்கவேண்டுமென்று கருதப்படுகின்றது. அப்போது, சூரியன் ஒரு கோடி ஆண்டுகளில் வெளியிடுமளவு சக்தி பிறந்திருக்கலாம். அச்சக்தியே ஏனைய விண்மீன்களையும் வாயுவையும் சிதறடித்தது.

இத்தகைய வெடிப்பின் சுவடுகள் வேறு சில முகில்களிலும் காணப்பட்டுள்ளன. எனவே, ஒரு விண்மீன் எவ்வளவு பருக்குமென்பதை அதன் முகில் மட்டுமன்றி, உடன்பிறந்த விண்மீன்களும் தீர்மானிக்கக்கூடும். சேர்த்துவைத்த ஈர்ப்பே அங்கு அவற்றைப் பிரித்தும் விட்டது.