காடா, தரிசா? செயற்கைக்கோள் படங்களுக்குப் பெயரிடும் பணி

சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில் இந்தியக் காடுகளைப் பற்றி இரண்டு கணக்குகள் வெளிவந்தன. 1972-75ஆம் ஆண்டுகளில் நாட்டின் நிலப்பரப்பில் 16.89 சதவீதமாக இருந்த காடு, 1980-82இல் 14.10 சதவீதமாகச் சுருங்கிவிட்டது என்று ஹைதராபாத்திலிருந்த தேசியத் தொலையுணர்வு நிறுவனம் மதிப்பிட்டது. இதன்படி ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் ஹெக்டேர் காடு மறைந்துகொண்டிருந்தது. 1981இல் நிறுவப்பட்ட இந்திய வன அளவை நிறுவனமோ, 1987இல் வெளியிட்ட தன் முதல் அறிக்கையில், 1981-83ஆம் ஆண்டுப் படங்களின்படி காட்டின் பரப்பு 6,40,819 சதுர கிலோமீட்டர், அதாவது 19 சதவீதத்திற்கும் சற்று அதிகம் என்று கூறியது. இரு நிறுவனங்களும் பயன்படுத்தியவை லாண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களே. ஆண்டுகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் இரண்டு கணக்குகளுக்கும் இடையே தமிழ்நாட்டைவிடப் பெரியதொரு நிலப்பரப்பு காடாகவும் காடல்லாததாகவும் ஊசலாடிற்று. பின்னர் இரு தரப்பினரும் தத்தம் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, 19.5 சதவீதத்தை ஒட்டிய ஓர் எண்ணை ஏற்றுக்கொண்டனர்.

இந்த வேறுபாட்டிற்குக் கருவிகளைக் குறை கூற இயலாது. மரங்கள் எவ்வளவு அடர்ந்திருந்தால் அது காடு? அடர்த்தி குறைந்த காடு எந்த இடத்தில் முடிந்து புதர் எங்கே தொடங்குகிறது? இவற்றை அக்காலத்தில் படத்தை மேசைமேல் விரித்துக் கண்ணால் பார்த்தவர்களே தீர்மானித்தனர். இன்று அந்த மேசையின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. ஆனால் கணிப்பொறிக்குக் காட்டைக் காட்டிக்கொடுப்பவர் இன்றும் மனிதர்தாம்.

விண்ணிலிருந்து வரும் படத்தில் காடு என்றோ கழனி என்றோ எழுதியிருப்பதில்லை. அதில் இருப்பவை எண்கள் மட்டுமே. 2003ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்டுவரும் ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் லிஸ்-3 என்னும் கருவி, நிலத்தை 23.5 மீட்டர் பக்கமுள்ள சிறு சதுரங்களாகப் பகுத்து நோக்குகிறது. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 18 சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்பு ஆகிய நான்கு அலைவரிசைகளில் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதே பதிவாகிறது. செழித்த இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். தெளிந்த நீர் அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். இந்த உண்மையை நம் நாட்டில் முதன்முதலாகப் பயனுக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் பி. ஆர். பிஷாரடி. 1970இல் கேரளத்தின் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படங்களை எடுத்து, வேர் வாடல் நோய் தாக்கிய மரங்களை அவருடைய குழுவினர் இனம் கண்டனர். அந்தப் படங்களையும், நோயுற்ற மரம் எது என்று நிலத்தில் நின்று பார்த்தறிந்த செய்தியையும் பொருத்திப் பார்த்ததே அச்சோதனையின் உயிர்நாடி. பெயரிடப்பட்ட படம் என்று இன்று கூறப்படுவதும் அதுவேதான்: எண்கள் ஒரு புறம், நிலத்தின் உண்மை மறு புறம், இரண்டையும் இணைக்கும் ஒரு சொல்.

பழைய புள்ளியியல் முறைகளில் ஒவ்வொரு வகை நிலத்திற்கும் சில பயிற்சி இடங்களைக் காட்டினால் போதும். கணிப்பொறி மற்றவற்றைக் கணித்துவிடும். இக்கால நரம்பு வலைப்பின்னல் முறைகளுக்கு அது போதாது. அவை பல்லாயிரக்கணக்கான பெயரிட்ட படங்களைக் கண்ட பின்னரே வேறுபாடுகளைக் கற்கின்றன. எனவே உலகெங்கும் ஆய்வாளர்கள் இத்தகைய படத்தொகுப்புகளை உருவாக்கி வெளியிட்டு வருகின்றனர். அமெரிக்காவின் மெர்செட் நகரிலுள்ள பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட தொகுப்பில் 21 வகைகள், வகைக்கு 100 படங்கள். பின்னர் ஐரோப்பாவில் உருவான யூரோசாட் தொகுப்பில் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 27,000 படத்துண்டுகள் 10 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2019இல் வந்த பிக்எர்த்நெட் தொகுப்பில் 5,90,326 படத்துண்டுகள். அவற்றின் நிலமோ பத்து ஐரோப்பிய நாடுகளுக்குரியது.

இங்கு அமர்ந்துள்ள மாணவர்களுள் பலர் தம் முதற்பயிற்சியை யூரோசாட் தொகுப்பில்தான் செய்திருப்பர். கற்றுக்கொள்வதற்கு அது நல்லதே. ஆனால் அதன் பத்து வகைகளை நம் நிலத்தின் மேல் விரித்துப் பார்த்தால் சிக்கல் புலப்படும். ஓராண்டுப் பயிர், நிரந்தரப் பயிர், மேய்ச்சல் நிலம், காடு என்று அது தனித்தனியே பிரிக்கிறது. கேரளத்து வீட்டுத் தோட்டத்தில் தென்னையின் கீழே பாக்கும், அதன்மேல் மிளகுக் கொடியும், அடியில் சேனையும் வாழையும் நிற்கும். நடுவே வீட்டின் கூரையும் இருக்கும். இதை எந்த வகையில் சேர்ப்பது? தக்காணத்து ஏரி மழைக்குப் பின் நீர்நிலை. நீர் வற்றியதும் அதன் படுகையில் சாகுபடி. கோடையில் ஆடுமாடு மேயும் வெளி. நெல்வயலோ நடவுக்கு முன் நீர்நிலை போலத் தோன்றி, சில வாரங்களில் பச்சையாகி, அறுவடைக்குப் பின் வெறும் தாளாகிவிடும். ஒரே நாளில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு இவற்றுக்குப் பெயரிடுவது, ஒருவரை உறக்கத்தில் பார்த்துவிட்டு அவர் செய்யும் தொழிலை ஊகிப்பதற்கு ஒப்பாகும்.

இதனை உணர்ந்தே, 1:50,000 அளவில் நம் நாட்டின் நிலப்பயன்பாட்டு வரைபடங்களை 2005-06இல் தயாரித்தபோது காரிப், ராபி, சையத் என்னும் மூன்று பருவப் படங்களும் பயன்படுத்தப்பட்டன. பெயரோடு பருவமும் நாளும் சேர்ந்தே பதிவாக வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரி. காரிப் பருவத்திலோ நாட்டின் பெரும்பகுதியை மேகம் மூடிவிடுகிறது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் அப்போது கைகொடுக்கின்றன. 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1, 2022இல் ஏவப்பட்ட இஓஎஸ்-04 ஆகியவை அதற்கென உருவானவை. ரேடார் படத்தைக் கண்ணால் பார்த்துப் பெயரிடுவது மேலும் கடினம் என்பதால், அங்கே களச் செய்தியின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பருவத்தைவிடப் பெரிய சிக்கல், பெயர்களே சுமந்துவரும் பழைய வரலாறு. தரிசு என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி தராத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் வேரூன்றியது. 1949-50 முதல் வேளாண் புள்ளிவிவரங்களில் நடைமுறைக்கு வந்த ஒன்பது வகைப் பாகுபாட்டிலும் சாகுபடிக்கு ஏற்ற தரிசு, சாகுபடிக்கு ஏலாத நிலம் என்று, ஏர் பிடிப்பவரின் நோக்கிலிருந்தே நிலம் பெயர் பெற்றது. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டு, ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேரில் மரம் நடுவது இலக்காக்கப்பட்டது. 2019இல் வெளியான தரிசுநில வரைபடத் தொகுப்பு, 2015-16இல் நாட்டில் 557 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் தரிசு என்று காட்டுகிறது. நாட்டின் பரப்பில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

இந்த ஆறில் ஒரு பங்கிற்குள் உண்மையிலேயே உவர் பாய்ந்த நிலமும், மண் அரித்த பள்ளத்தாக்கும் உண்டு. மேய்ச்சல்காரர்களின் புல்வெளியும், கானமயில் முட்டையிடும் வெளியும் உண்டு. செயற்கைக்கோளின் கண்ணுக்குக் கோடையில் காய்ந்த புல்வெளியும் பாழ்நிலமும் ஏறக்குறைய ஒரே நிறம். பழைய வரைபடத்திலிருந்து பெயரை எடுத்துக் கணிப்பொறிக்குக் கற்பித்தால், அது மிக உயர்ந்த துல்லியத்துடன் அந்தப் பழைய பிழையையே திருப்பிக் கூறும். அதற்குப் பரிசும் கிடைக்கும். பாழ்நிலம் என்று பதிவான இடத்தைத் தொழிற்பேட்டைக்கோ சூரிய மின் நிலையத்துக்கோ ஒதுக்கும் அலுவலர், கோப்பில் உள்ள சொல்லை நம்பித்தான் கையெழுத்திடுகிறார். அங்கே பரம்பரையாக மாடு மேய்த்தவருக்குச் செய்தி பிறகே தெரிகிறது.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலுள்ள பன்னிப் புல்வெளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மால்தாரிகள் எனப்படும் மேய்ச்சல் மக்கள் எருமைகளோடு வாழும் இந்நிலம் 1955இல் காப்புக்குரிய வனமாக அறிவிக்கப்பட்டது. மரம் அங்கே அரிது. உப்புப் பாலை பரவுவதைத் தடுக்கவென்று 1961இல் அங்கே சீமைக் கருவேலம் நடப்பட்டது. தமிழ்நாட்டில், குறிப்பாக இராமநாதபுரத்தில், அந்த மரத்தை அறியாதவர் இலர். அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பன்னியிலும் அது புல்லை விரட்டிப் பரவிற்று. இப்போது வன அளவை நிறுவனத்தின் வரையறையைக் காண்க: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மரக்கவிகை 10 சதவீதத்திற்குக் குறையாதிருந்தால், உரிமையாளர் யாராயினும், மரம் எதுவாயினும், அது வனப்போர்வை. எனவே சீமைக் கருவேலம் மண்டிய இடம் வனப்போர்வையில் சேரலாம். எருமை மேயும் நல்ல புல்வெளி சேராது. வரையறையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை, அறிக்கைதோறும் அது அச்சிடப்படுகிறது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மூங்கிலும் அதில் அடங்கும் என்பதையும் நிறுவனம் தெரிவிக்கிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கையின் 7,15,343 சதுர கிலோமீட்டர் என்ற எண்ணை மேற்கோள் காட்டுவோர் வரையறையையும் உடன் படிப்பதில்லை என்பதே குறை.

பெயரிடுவதில் நேரும் பிழையை அளப்பது எவ்வாறு? இதற்கு விடை தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1937இல் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை அளக்கத் தொடங்கிய பி. சி. மகலனோபிஸ், ஒரே பகுதியில் இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, அவை கொணர்ந்த கணக்குகளை ஒப்பிடும் முறையை வளர்த்தெடுத்தார். வேறுபாடு சிறிதானால் நம்பிக்கை. பெரிதானால் எங்கோ தவறு. படங்களுக்குப் பெயரிடும் பணியிலும் ஒரு பகுதியையேனும் இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமல், பெயரிட வேண்டும். அவர்கள் எங்கே முரண்படுகிறார்களோ அங்கேதான் வரையறை தெளிவற்றிருக்கிறது. அவ்விடங்களைப் பெரும்பான்மை வாக்கால் மூடிவிடுவது எளிது. ஆனால் அது கண்டறிந்த நோயை மறைப்பதாகும்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பதும் இதனோடு ஒட்டியதே. களப் பணியாளர் ஜீப்பில் செல்கிறார். ஆதலால் பயிற்சிப் புள்ளிகள் சாலையோரத்திலேயே குவிகின்றன. சாலையோர நிலம் நீர்வசதியும் கட்டடமும் மிகுந்தது. உள்நாட்டு மேட்டு நிலத்திற்கு அது சான்றாகாது. குருட்டுவாக்கில் புள்ளிகளைத் தேர்ந்து, அங்கே நடந்தேனும் செல்வதுதான் நேர்மை. அடுத்தது சோதனை. ஒரு தாலுகாவின் படத்துண்டுகளையே கலைத்துப்போட்டு, பாதியில் பயிற்சியும் பாதியில் சோதனையும் நடத்தினால், அண்டை வயல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் மதிப்பெண் செயற்கையாக உயரும். ஒரு மாவட்டத்தில் கற்பித்து, மற்றொரு மாவட்டத்தில் சோதிப்பதே உண்மையான தேர்வு.

மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணும் ஏமாற்றக்கூடியது. அமெரிக்காவில் 1976இல் ஆண்டர்சன் குழுவினர் வகுத்த பாகுபாட்டில் 85 சதவீதம் என்ற அளவுகோல் இடம்பெற்றது. அன்று முதல் பலரும் அந்த எண்ணைத் தாண்டியதும் நிம்மதி அடைகின்றனர். 1,000 புள்ளிகளுள் 50 மட்டுமே சதுப்பு நிலம் என்று வைத்துக்கொண்டால், சதுப்பு நிலமே இல்லை என்று கூறும் கணிப்பொறிக்கும் 95 சதவீத மதிப்பெண் கிடைத்துவிடும். அரிதாக உள்ள நிலவகைதான் பல வேளைகளில் காக்கப்பட வேண்டியது. ஆகவே எந்த வகை எந்த வகையாகத் தவறாகக் கொள்ளப்பட்டது என்று காட்டும் பிழை அட்டவணையைக் கேட்டுப் பெறாமல் எந்த அலுவலரும் ஒரு வரைபடத்தை ஏற்றுக்கொள்ளலாகாது.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் விவகாரமன்று. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சலை மதிப்பிடும்போது, தொலையுணர்வு வழிக் கணக்கிற்குக் குறைந்தது 30 சதவீத எடை தரும் ஏற்பாடு வந்துள்ளது. விளைச்சலைக் கணிக்குமுன் அது எந்தப் பயிர் என்று தெரிய வேண்டும். சோளத்தை நெல்லென்று கற்ற கணிப்பொறி வழங்கும் எண், ஒரு குடும்பத்தின் இழப்பீட்டில் போய் முடியும். அந்த வயலில் என்ன விதைக்கப்பட்டது என்பதைக் கிராமக் கணக்கர் அறிவார். அடங்கலில் அது எழுதப்படுகிறது. ஆனால் அடங்கலை நேரில் பாராமல் சென்ற ஆண்டுப் பதிவிலிருந்து எழுதும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் கணிப்பொறியும் சென்ற ஆண்டையே கற்கும்.

வடகிழக்கு மாநிலங்களில் மலைச்சரிவை வெட்டி எரித்துப் பயிரிட்டு, சில ஆண்டுகள் ஓய்வுக்கு விட்டுவிடும் ஜூம் சாகுபடி நடைபெறுகிறது. வெட்டிய ஆண்டில் அது காடழிப்பு. மூங்கில் தழைத்த ஆண்டில் அது வனவளர்ச்சி. உழவருக்கோ இரண்டு ஆண்டிலும் அது தம் வயல். ஒரு சதுரத்துக்கு ஒரே பெயர்தான் உண்டு என்று படிவம் வற்புறுத்தும்வரை அவ்வயலுக்கு இடமில்லை. 2022இல் வெளியான டைனமிக் வேர்ல்ட் வரைபடம் 10 மீட்டர்ச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வகைகளின் நிகழ்தகவையும் தனித்தனியே தருகிறது. அந்த ஒன்பதிலும் ஜூம் இல்லை. நம் படிவங்களில் அதற்கொரு வரியைச் சேர்க்க, அந்தச் சரிவில் பயிரிடுபவரிடம் அது எத்தனையாவது ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளும் களப்பணியாளர் ஒருவர் தேவை.